போனில் தனியுரிமை செட்டிங்ஸ்: எங்கே தொடங்குவது, எதை அணைக்கக்கூடாது

போன வருடம் என் தம்பி ஓர் அவசரத்துக்காகக் கடன் செயலி ஒன்றில் ஐயாயிரம் ரூபாய் வாங்கினான். கெடு தேதி இரண்டு நாள் தாண்டிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் தூத்துக்குடியிலிருந்து அத்தை கூப்பிட்டார். "தம்பி யார்கிட்டயோ பணம் வாங்கிட்டு ஏமாத்திட்டானாமே, எனக்கு எதுக்குப்பா மெசேஜ் வருது?" என்று கேட்டார். அப்புறம் பெரிய மாமா, அவனுடைய கல்லூரி ஆசிரியர், எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுபவர் என்று வரிசையாக அழைப்புகள் வந்தன. அவன் போனில் சேமித்திருந்த எண்கள் அத்தனையும் கடன் செயலிக்காரர்கள் கைக்குப் போயிருந்தன. செயலியை நிறுவிய அன்று அது "கான்டாக்ட்ஸ்" கேட்டிருக்கிறது, இவன் "அலோவ்" அழுத்தியிருக்கிறான். வேறு எதுவும் நடக்கவில்லை.

அதன்பிறகு வீட்டிலிருந்த நான்கு போன்களையும் உட்கார்ந்து சரிசெய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் ஞாயிறு முழுக்க வீண். செட்டிங்ஸைத் திறந்து மேலிருந்து கீழாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்தேன். மறுநாள் அப்பாவின் யுபிஐ வேலை செய்யவில்லை, அம்மாவின் போனில் வங்கிச் செய்தி காட்டவில்லை. எல்லாவற்றையும் திரும்ப இயக்க வேண்டியதாயிற்று.

பிறகுதான் புரிந்தது. நம் தகவலைக் கட்டுப்படுத்தும் பொத்தான்கள் ஒரே இடத்தில் இல்லை. சில போனின் செட்டிங்ஸில் இருக்கின்றன, சில கூகுள் கணக்கில், மீதி ஒவ்வொரு செயலிக்குள்ளும். ஓரிடத்தில் அணைத்தது இன்னோரிடத்தைத் தொடாது. அதனால் எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். பணமும் உறவுகளின் எண்களும் வெளியே போகும் வழிகளை முதலில் அடைத்துவிட்டு, விளம்பரத் தொல்லையைக் கடைசியில் பார்க்கலாம். கீழே உள்ளது அந்த வரிசைதான். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனுக்கு எழுதியிருக்கிறேன், ஐபோனுக்கு நடுவில் ஒரு பகுதி உண்டு.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

செலவு எதுவும் கிடையாது. "பிரைவசி கிளீனர்", "செக்யூரிட்டி பூஸ்டர்" என்று பணம் கேட்கும் செயலி எதுவும் தேவையில்லை. அவற்றில் பல, நாம் மூடப்போகும் அதே அனுமதிகளைத்தான் முதலில் கேட்கும்.

ஒரு போனுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்களின் போன் என்றால் இரண்டு மணி நேரம், அதுவும் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கைவசம் இருக்க வேண்டியவை: அந்தப் போனின் கூகுள் கணக்குக் கடவுச்சொல், கணக்கை மீட்க உதவும் எண் எந்த சிம் என்ற விவரம், ஒரு நோட்டு, பேனா. எதை அணைத்தோம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போங்கள். ஏதாவது வேலை செய்யாமல் போனால் எதைத் திரும்ப இயக்குவது என்று அந்தக் குறிப்புதான் சொல்லும்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். எங்கள் அப்பாவின் சிம் பத்து வருடமாகச் சித்தப்பா பெயரில் இருந்தது. நாளை போன் தொலைந்து மாற்று சிம் வாங்கப் போனால் சித்தப்பாவின் அடையாள அட்டையும் சித்தப்பாவும் வேண்டும். சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசு இணையதளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று இலவசமாகக் காட்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

இன்னொரு விஷயம், போன் கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் மாறும். நான் சொல்லும் வழி உங்கள் போனில் அப்படியே இல்லையென்றால் அலையாதீர்கள். செட்டிங்ஸின் உச்சியில் தேடும் பெட்டி இருக்கும், அதில் தட்டினால் வந்துவிடும். போன் தமிழில் இருந்தால் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் தேடிப் பிடிப்பது கடினம்.

2. வேண்டாத செயலிகளை நீக்குங்கள்

அம்மாவின் போனில் அவர் ஒருநாளும் திறக்காத செயலிகள் முப்பதுக்கு மேல் இருந்தன. டார்ச், வால்பேப்பர், பஞ்சாங்கம் மூன்று, ஏதோ நகைக்கடையின் சீட்டுச் செயலி. ஒவ்வொன்றுக்கும் அனுமதியைச் சரிபார்ப்பதைவிட நீக்கிவிடுவது சுலபம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செயலியை நீக்கினால் போனில் இருப்பதுதான் போகும். அந்த நிறுவனத்திடம் நீங்கள் திறந்த கணக்கும் கொடுத்த விவரங்களும் அங்கேயே இருக்கும். பணம், உடல்நலம், கடன் தொடர்பான செயலி என்றால் முதலில் உள்ளே போய்க் கணக்கை அழிக்கும் வசதியைத் தேடுங்கள். கணக்கு தொடங்க விடும் செயலிகள் அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது ப்ளே ஸ்டோரின் விதி. அழித்த பிறகு நீக்குங்கள்.

3. பர்மிஷன் மேனேஜர்: அதிக நேரம் இங்கே செலவாகட்டும்

செட்டிங்ஸில் "பர்மிஷன் மேனேஜர்" என்று தேடித் திறங்கள். கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், மைக், கேமரா, லொகேஷன் என்று தலைப்புவாரியாக, எந்தச் செயலிக்கு எது கொடுத்திருக்கிறோம் என்று காட்டும். செயலிவாரியாகப் பார்ப்பதைவிட இப்படித் தலைப்புவாரியாகப் பார்த்தால் பாதி நேரம் மிச்சம்.

கான்டாக்ட்ஸில் தொடங்குங்கள். போன், மெசேஜ், வாட்ஸ்அப், இமெயில் தவிர வேறு எதற்கும் உங்கள் முகவரிப் புத்தகம் தேவையில்லை. யுபிஐ செயலிக்குக் கூட, எண்ணைக் கையால் தட்டிப் பணம் அனுப்ப நீங்கள் தயார் என்றால், வேண்டியதில்லை. கடன் செயலிக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி கடன் செயலிகள் போனிலுள்ள கோப்புகள், கான்டாக்ட் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை மட்டும், கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்குத் தேவைப்பட்டால், உங்கள் சம்மதத்தோடு ஒருமுறை கேட்கலாம். ஆக, கான்டாக்ட்ஸ் கேட்கும் கடன் செயலி விதியை மீறுகிறது. அந்த நொடியே அதை நீக்கிவிடலாம். என் தம்பிக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அத்தைக்கு அந்த மெசேஜ் போயிருக்காது.

அடுத்தது எஸ்எம்எஸ். ஓடிபி எல்லாம் இங்கேதான் வருகிறது என்பதால், தெரியாத செயலிக்கு இதைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. ஆனால் எல்லாவற்றுக்கும் அணைத்துவிடவும் கூடாது. நான் அப்பாவின் போனில் செய்த தவறு அதுதான். யுபிஐ செயலியைப் பதிவுசெய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போய்த்தான் எண் உறுதியாகிறது. வங்கிச் செயலிகளும் அப்படியே. அவற்றுக்கும் போனின் மெசேஜ் செயலிக்கும் விட்டுவைத்து, மற்ற அனைத்துக்கும் அணையுங்கள்.

மைக், கேமராவுக்கு "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வப்போது மட்டும் பயன்படுத்தும் செயலி என்றால் "ஒவ்வொரு முறையும் கேள்" என்பது இன்னும் நல்லது. ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது செயலி மைக்கையோ கேமராவையோ இயக்கினால் திரையின் மூலையில் பச்சைப் புள்ளி தோன்றும். இதை வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். யாரோடும் பேசாதபோது பச்சை தெரிந்தால் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

படங்களுக்கு, ஆண்ட்ராய்டு 14 போனில் "தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்" என்ற வழி உண்டு. ஒரு விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஏற்றுவதற்காக முழு கேலரியையும் திறந்துவிட வேண்டியதில்லை.

4. வேறு இடத்தில் ஒளிந்திருக்கும் நான்கு அனுமதிகள்

மேலே உள்ள பட்டியலில் இவை வராது. பலர் பர்மிஷன் மேனேஜரோடு நிறுத்திவிடுவதால்தான் ஏமாறுகிறார்கள். செட்டிங்ஸில் "ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்" என்று தேடுங்கள். அக்சஸிபிலிட்டி மட்டும் தனித் தலைப்பாக இருக்கும்.

அக்சஸிபிலிட்டி என்பது பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களுக்கு உதவ வந்த வசதி. ஆனால் இதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தலாம். நீங்கள் தெரிந்து இயக்கிய உதவிக் கருவி தவிர இங்கே எதுவும் "ஆன்" என்று இருக்கக்கூடாது.

நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் பெற்ற செயலி உங்களுக்கு வரும் அறிவிப்புகளைப் படிக்கும், பல போன்களில் ஓடிபி உட்பட. ஸ்மார்ட் வாட்ச் வைத்திருந்தால் அதன் செயலிக்குத் தேவைப்படும். மற்றவை வேண்டாம்.

மூன்றாவது, பிற செயலிகள் மேல் தோன்றும் அனுமதி. வங்கித் திரையின் மேல் போலித் திரையைப் போட்டு ஏமாற்ற இது வழிவிடும்.

நான்காவது, "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்", அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் அனுமதி. இதில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அணைத்துவையுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், அரசு உதவித்தொகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் (செயலியை நிறுவும் கோப்புகள்) இந்த வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், செயலியாக வராது.

5. இருப்பிடம்

லொகேஷனை ஒரேயடியாக அணைக்காதீர்கள். போன் தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க அது வேண்டும். பர்மிஷன் மேனேஜரில் லொகேஷனைத் திறந்து, "எப்போதும்" என்ற பிரிவில் இருக்கும் செயலிகளை மட்டும் கவனியுங்கள். அங்கே குடும்பத்தினர் தெரிந்தே வைத்தது தவிர வேறெதுவும் இருக்க வேண்டியதில்லை. டாக்சி, உணவு டெலிவரி செயலிகளுக்குப் பயன்படுத்தும்போது மட்டும் போதும். வானிலைச் செயலிக்குத் துல்லியமான இடத்தைக் காட்டும் பொத்தானை அணைத்து, தோராயமான இடத்தைக் கொடுங்கள். மழை உங்கள் தெருவுக்கு மட்டும் பெய்வதில்லை.

கேமரா செட்டிங்ஸில் "லொகேஷன் டேக்" என்று ஒன்று இருக்கும். அது இயங்கினால் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இடம் பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போகாது, டாக்குமென்ட்டாக அனுப்பினால் போகும். வீட்டில் குழந்தைகளைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புபவர்கள் இதை அணைத்துவிடுவது நல்லது.

6. கூகுள் கணக்கு

இதுவரை செய்தது போனுக்குள். கூகுள் கணக்கில் சேர்ந்திருப்பதை அது தொடாது. செட்டிங்ஸில் கூகுள், அதில் "மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட்", அதில் "டேட்டா அண்ட் பிரைவசி" என்று போங்கள்.

அங்கே வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி (தேடியவை), டைம்லைன் (போன இடங்கள்), யூடியூப் ஹிஸ்டரி (பார்த்த வீடியோக்கள்) என்று மூன்று பதிவுகள் இருக்கும். அணைத்தால் இனிமேல் சேராது, ஆனால் பழையது அப்படியே இருக்கும். பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். அணைக்கும்போதே பழையதையும் அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். முழுக்க அணைக்க மனமில்லை என்றால் தானாக அழியும் கெடுவை வைக்கலாம். 3, 18, 36 மாதங்கள் என்று மூன்று தேர்வுகள் உண்டு, நான் எல்லாவற்றுக்கும் 3 வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் யூடியூப் ஹிஸ்டரியை விட்டுவைத்தேன். அவர் பாதியில் நிறுத்திய கச்சேரியை மறுநாள் தொடர அது வேண்டும்.

அதே பக்கத்தில், கூகுள் கணக்கோடு இணைந்த பிற செயலிகளின் பட்டியலும் இருக்கும். எப்போதோ "கூகுள் மூலம் உள்நுழை" என்று அழுத்தியதெல்லாம் வரிசையாக நிற்கும். பயன்படுத்தாதவற்றைத் துண்டியுங்கள். பத்து நிமிட வேலைதான்.

விளம்பரத்துக்கு ஒரே வேலை. செட்டிங்ஸில் "ஆட்ஸ்" என்று தேடி, "டெலீட் அட்வர்டைசிங் ஐடி" அழுத்துங்கள். விளம்பரம் நிற்காது, உங்களைப் பின்தொடர்வது குறையும்.

7. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" என்ற ஒரே இடத்தில் பெரும்பாலானவை இருக்கின்றன. "டிராக்கிங்" உள்ளே சென்று, செயலிகள் பின்தொடர அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். ஐஓஎஸ் 18 போனில் முழுப் பட்டியலுக்குப் பதில் தேர்ந்தெடுத்த சில எண்களை மட்டும் ஒரு செயலிக்குக் கொடுக்க முடியும். ஐஓஎஸ் 16 முதல் உள்ள "சேஃப்டி செக்", நீங்கள் யார் யாருடன் இருப்பிடத்தையும் படங்களையும் பகிர்கிறீர்கள் என்று காட்டி, வேண்டுமென்றால் ஒரேயடியாகத் துண்டிக்கும். பிரிந்துபோன உறவில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

8. வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸுக்குள் "பிரைவசி" போங்கள். ப்ரொஃபைல் படம், "கடைசியாகப் பார்த்தது" இரண்டையும் "மை கான்டாக்ட்ஸ்" ஆக்குங்கள். உங்கள் படத்தை எடுத்துப் போட்டு வேறு எண்ணிலிருந்து உறவினர்களிடம் பணம் கேட்பது சாதாரணமாகிவிட்டது. குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதற்கும் "மை கான்டாக்ட்ஸ்" வையுங்கள். பங்குச் சந்தை, வீட்டிலிருந்தே வேலை என்று வரும் குரூப்கள் பெரும்பாலும் நின்றுவிடும்.

அக்கவுன்ட் பகுதியில் "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்" என்று 6 இலக்க எண் வைக்கும் வசதி இருக்கிறது. கட்டாயம் செய்யுங்கள், கூடவே இமெயிலும் கொடுங்கள். இமெயில் கொடுக்காமல் எண்ணை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் "லிங்க்ட் டிவைசஸ்". ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு மூடாமல் வந்திருப்போம். அப்பாவின் போனில் அப்படி ஒன்று திறந்தே கிடந்தது. தெரியாத கணினி இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள். அதே கடையின் எண்ணுக்கு ஆதாரை அனுப்புவதாக இருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்ட் ஆதாரை அனுப்புங்கள். ஆதார் வழங்கும் யுஐடிஏஐயின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆதாரோடு இணைத்த மொபைல் எண் இருந்தால் போதும்.

9. பூட்டுத்திரையும் சிம்மும்

போன் பூட்டியிருக்கும்போதே ஓடிபி திரையில் தெரிந்தால் பூட்டு எதற்கு? நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில், பூட்டுத்திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும் தேர்வை வையுங்கள். செய்தி வந்தது தெரியும், என்ன செய்தி என்று தெரியாது.

சிம்முக்கும் பின் எண் வைக்கலாம். திருடியவர் சிம்மை வேறு போனில் போட்டாலும் ஓடிபி வராது. ஆனால் இதில் அவசரம் கூடாது. பூட்டை இயக்கும்போது நிறுவனம் வைத்திருக்கும் பழைய பின் எண்ணைக் கேட்கும். ஊகித்து அடிக்காதீர்கள், மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும், புது சிம்தான். முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி எண்ணைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

10. தகவல் ஏற்கெனவே போய்விட்டால்

எங்களுக்கு நடந்தது இது. பணத்தைக் கட்டி முடித்த பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை, இன்னும் கட்டச் சொன்னார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியதை நாங்கள் நான்காம் நாள் செய்தோம்: சொந்தக்காரர்கள் குரூப்பிலும் தம்பியின் நண்பர்களிடமும் உண்மையை அப்படியே எழுதினோம். "இவன் போனிலிருந்த எண்கள் ஒரு செயலி மூலம் கசிந்திருக்கின்றன. யாராவது அழைத்தால் பேச வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்புங்கள்." அதன்பிறகுதான் தம்பி வெளியே தலைகாட்டினான். வெட்கப்பட்டு மறைக்கும் வரைதான் அவர்கள் மிரட்டலுக்கு மதிப்பு.

புகாருக்கு எடுத்து வைக்க வேண்டியவை: செயலியின் பெயரும் அதன் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும், மிரட்டல் வந்த எண்கள், மெசேஜ்கள், பணம் வந்ததும் போனதும் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட், யுபிஐ பரிவர்த்தனை எண். செயலியை நீக்கும் முன்பே அதன் திரைகளைப் படமெடுத்துவிடுங்கள், நாங்கள் நீக்கிவிட்டுத் தேடினோம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளம் இருக்கிறது, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். கடன் செயலியின் பின்னால் இருப்பது பதிவுபெற்ற நிறுவனமா என்ற சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் புகார் செய்யலாம். புகார் எண்ணைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

11. ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும்

டிஸ்ப்ளே மாற்றப் போனால் பில்லின் ஓரத்தில் பேட்டர்னை வரைந்து கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். சாம்சங்கில் "மெயின்டெனன்ஸ் மோட்", கூகுளின் பிக்சல் போனில் "ரிப்பேர் மோட்" என்று இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் அவர்கள் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களும் செயலிகளும் தெரியாது. அந்த வசதி இல்லாத போன் என்றால் பக்கத்தில் இருந்து வாங்கி வருவது, அல்லது பேக்கப் எடுத்து அழித்துவிட்டுக் கொடுப்பது. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள்.

விற்பதற்கு வரிசை இப்படி: யுபிஐ, வங்கிச் செயலிகளில் பதிவை நீக்குங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள், பிறகு செட்டிங்ஸில் கூகுள் கணக்கை அந்தப் போனிலிருந்து மட்டும் நீக்குங்கள் (கணக்கையே அழிப்பதல்ல), கடைசியாகப் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல், போன் திறக்காத நிலையில் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், அடுத்தவர் இயக்கும்போது உங்கள் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் போன் செய்து அதைக் கேட்பார். அவசரத்தில் சொல்லிவிடாதீர்கள். போனை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்லி, நீங்களே தட்டிக் கொடுத்து, அவர் முன்னாலேயே கணக்கை நீக்கி அனுப்புங்கள்.